தண்ணீர்க் குட்டையோரம் காத்திருங்கள்: மும்பையிலிருந்து சஃபாரி போகிறவர்களுக்கு

மாதுங்காவிலும் செம்பூரிலும் சஃபாரிக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் கோடை விடுமுறையை. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கென்யாவிலும் வட தான்சானியாவிலும் பெருமழை. புல் உயர்ந்து நிற்கும், மண் பாதையில் டயர் புதையும், எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் சிதறிப் போயிருக்கும். வறண்ட காலம் ஜூன் முதல் அக்டோபர் வரை. நம் ஊரில் மழை கொட்டும்போது அங்கே காடு காய்கிறது. விநாயகர் சதுர்த்தி அல்லது தசராவோடு நாலு நாள் லீவு சேர்த்துப் போவது உத்தமம். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் கடப்பதைப் பார்க்க ஜூலைக்குப் பிறகு கென்யாவின் மசாய் மாரா காப்பகம். யானைக் கூட்டம்தான் வேண்டுமென்றால் தான்சானியாவின் தரங்கிரி தேசியப் பூங்கா; சுற்றுவட்டாரம் காயக் காய, அந்த ஒரே ஆற்றை நம்பி வந்து சேர்ந்துவிடும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை கிளம்புவதற்கு 10 நாளுக்கு முன்பே, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே மடக்கி 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். மலேரியா மாத்திரையில் சிலவற்றை ஊர் திரும்பிய பின்னும் வாரக்கணக்கில் தொடர வேண்டும். டாக்டரிடம் கேட்டு முடியுங்கள். முறுக்கு, புளிக்காய்ச்சலையெல்லாம் டப்பாவில் எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கேரி பேக் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை.

விடியற்காலை திறந்த வண்டியில் குளிர் எலும்பைத் தொடும். ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், குல்லா மூன்றும் வேண்டும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கடிக்கிற செட்சி ஈ தேடி வரும்.

பைனாகுலர் 8x42 போதும் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 42 மி.மீ.). 12 மடங்கு என்றால் கை நடுக்கத்தில் படம் ஆடும்; சட்டைப்பையில் அடங்கும் 10x25, விலங்குகள் நடமாடும் மங்கல் வெளிச்சத்தில் இருண்டுவிடும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கைமாற்றுவதற்குள் சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிப் போயிருக்கும்.

நைரோபி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே 5.30 என்றால் மும்பையில் 8 மணி, விழிப்பு தானாக வரும். முதல் நாளே விடியலில் கிளம்பிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். வண்டியை விரட்டிக்கொண்டு அலையாதீர்கள். வறட்சியில் தண்ணீர்தான் விலங்குகளை இழுக்கும். குட்டையருகே எஞ்சினை அணைத்து இரண்டு மணி நேரமாவது இருங்கள். காலையில் குட்டைக்குக் கிழக்கே, மாலையில் மேற்கே நிறுத்தச் சொன்னால் வெயில் உங்கள் முதுகில், வெளிச்சம் விலங்கின் முகத்தில். வரிக்குதிரை கரையிலேயே தயங்கி நிற்கிறதா, இம்பாலா மான்கள் சீறுகின்றனவா, ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் ஒரே திசையில் வெறிக்கின்றனவா? நீங்களும் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள். சிங்கம் பெரும்பாலும் குட்டையில் இருக்காது, பக்கத்துப் புதர் நிழலில் படுத்திருக்கும்.

புழுதி கேமராவுக்கு எமன். வண்டியில் லென்ஸ் மாற்றவே கூடாது. ஸ்டாண்டுக்குப் பதில் காலித் துணிப்பை கொண்டுபோய் அங்கே அரிசி நிரப்பி, ஜன்னலில் வைத்துப் படம் எடுங்கள்.

யானை காதை விரித்து நேராக உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால், நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது எழுந்து நிற்காமல், சத்தம் போடாமல், ஓட்டுநர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.