வாட்டர் கூலிங் போட்டும் பிராசசர் கொதிக்கிறதா? கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சொந்தமாக லூப் (பம்ப், ரேடியேட்டர், குழாய்கள் வழியாக நீர் சுற்றும் அமைப்பு) அமைத்த கணினியில் சூடு ஏறினால், பலரும் உடனே பிராசசர்மேல் உட்காரும் பிளாக்கைக் கழற்றி தெர்மல் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள். பாதி நேரம் அது வீண் வேலை. ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அறையின் வெப்பநிலை, லூப்பில் ஓடும் நீரின் வெப்பநிலை, பிராசசரின் வெப்பநிலை. எந்த இடைவெளி இயல்பைவிடப் பெரிதாக இருக்கிறதோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நீரின் வெப்பநிலையை அளக்க ஜி1/4 மரையுள்ள சென்சார் கிடைக்கும். விலை குறைவுதான். மதர்போர்டில் இரண்டு பின் உள்ள வெப்பநிலை ஹெடர் (வயர் செருகும் இடம்) இருந்தால் அதிலேயே மாட்டலாம். இந்த சென்சார்கள் பெரும்பாலும் 10 கிலோ ஓம் வகை. லூப் கட்டும் யாரும் இதைத் தவிர்க்கவே கூடாது. இப்போது கையில் இல்லையென்றால், சுத்தமான டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை ரிசர்வாயரின் (லூப்பின் நீர்த்தொட்டி) மேல்துளை வழியாக விட்டும் பார்க்கலாம்.

பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை 30 நிமிடம் ஓடவிடுங்கள். 5 நிமிடம் போதாது; நீர் சூடாகி ஒரு நிலைக்கு வர நேரம் பிடிக்கும். அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளில் பிராசசரின் வெப்பநிலையோடு அது இழுக்கும் வாட்டையும் குறியுங்கள். அறைக்கும் நீருக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் நல்ல லூப். 15 வரை பொறுத்துக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டினால் ரேடியேட்டர் பக்கம் பாருங்கள். நீர் குளிர்ச்சியாக இருக்க, டெஸ்ட் தொடங்கிய சில நொடிகளிலேயே பிராசசர் உச்சத்துக்குப் பாய்ந்தால் குறை பிளாக்கிலோ, நீரோட்டத்திலோ, வாட்டிலோ இருக்கிறது.

முதலில் வாட்

ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர் 230 வாட் வரை இழுக்கும். 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளது. 230 வாட்டில் 95 காட்டினால் அது கோளாறு அல்ல. பயாஸில் ஈகோ மோடை (மின்சாரத்தைக் குறைக்கும் அமைப்பு) 105 வாட்டுக்கு மாற்றுங்கள். அப்போது உச்சவரம்பு 142 வாட் ஆகும். அதிலும் 95-ஐத் தொட்டால் சந்தேகமே வேண்டாம், கோளாறு இருக்கிறது. இன்டெல் 13900கே, 14900கே போன்றவற்றில் பழைய பயாஸ் உள்ள சில மதர்போர்டுகள் வரம்பை 4096 வாட் என்று வைத்துவிடுகின்றன, அதாவது வரம்பே இல்லை. பயாஸில் அதை 253-க்கு இறக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

நீர் ஓடுகிறதா?

நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், 70 வாட்டுக்கு 1 டிகிரி சூடேறும். 3.5 லிட்டர் ஓடும் லூப்பில் 230 வாட் பிராசசரைக் கடக்கும் நீர் 1 டிகிரிகூட ஏறாது. அதனால்தான் ரேடியேட்டர் முன்னால் வருகிறதா, பிளாக் முன்னால் வருகிறதா என்ற வரிசைக்கு முக்கியத்துவம் இல்லை. ஆனால் ஓட்டம் அரை லிட்டராகச் சுருங்கினால் கதை மாறும்: நீர் ஆறேழு டிகிரி ஏறும், பிளாக்கின் நுண் இடுக்குகளில் வேகமும் செத்துவிடும்.

பிடபிள்யூஎம் வகை (மதர்போர்டால் வேகத்தை மாற்றக்கூடிய) டி5 பம்ப்புக்கு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வரும். மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் காட்டவும் மட்டுமே. அந்த ஹெடர் சைலன்ட் முறையில் இருந்தால் பம்ப் மிக மெதுவாகச் சுற்றும். பயாஸில் அதை முழு வேகத்துக்கு மாற்றி, 4000-க்கு மேல் ஆர்பிஎம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆர்பிஎம் சரியாக இருந்தும் ரிசர்வாயரில் நீர் அசையவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. பம்ப் ஓடும்போதே கேஸை நான்கு பக்கமும் மெல்லச் சாய்த்து, குமிழிகளை ரிசர்வாயருக்கு வரவழையுங்கள்.

பிளாக்

பெரும்பாலான பிளாக்குகளில் இன்லெட்டை (நீர் நுழையும் துளை) மாற்றக் கூடாது. நீர் நடுவிலுள்ள ஜெட் தகடு வழியாக இறங்கி இரு பக்கமும் பிரிய வேண்டும். தலைகீழாக இணைத்தாலும் வேலை செய்யும், ஆனால் சில டிகிரி இழப்பீர்கள். உற்பத்தியாளரின் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் பத்து நிமிடம் கணினியைச் சூடாக ஓட்டி, அணைத்து, மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். அடியில் பேஸ்ட்டின் தடத்தைப் பாருங்கள். நடுவில் மெல்லிய படலமாக இருந்தால் நன்று. ஒரு மூலையில் தடிப்பாக இருந்தால் பிளாக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூக்களைக் குறுக்குக்குறுக்காக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக முடுக்க வேண்டும். எங்குமே அழுந்தவில்லை என்றால் ஸ்டாண்ட்ஆஃப் (பிளாக்கைத் தாங்கும் திருகுத் தூண்) தவறு. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கும் 1200-க்கும் உயரம் வேறு. பாதுகாப்பு பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமலே மாட்டியவர்களும் உண்டு.

ஆரம்பத்தில் நன்றாக இருந்து சில மாதங்களில் மெல்லச் சூடேறினால், பிளாக்கைத் திறந்து பாருங்கள். பளபளக்கும் மென்மையான பிவிசி ட்யூபிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் (ட்யூபை மென்மையாக்கும் ரசாயனம்) வெள்ளைக் கூழாக அங்கே படியும். பால் போன்ற வண்ணக் கூலன்ட்டிலிருந்து துகள்கள் பிரிந்து அடைக்கும். புதிய ரேடியேட்டரைக் கழுவாமல் இணைத்தால் உள்ளிருக்கும் ஃபிளக்ஸ் (பற்றவைப்பில் மிஞ்சிய கழிவு) வந்து சேரும். மிருதுவான டூத் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான டிஸ்டில்ட் வாட்டர் போதும். உலோகத்தால் சுரண்டாதீர்கள். மூடும்போது ஜெட் தகட்டின் திசையும், ஓ-ரிங் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதும் முக்கியம். அதே ட்யூபைத் திரும்ப மாட்டினால் அதே கூழ் திரும்பும். இபிடிஎம் ரப்பர் ட்யூபுக்கு மாறுங்கள். லூப்பில் அலுமினியமும் செம்பும் கலந்திருந்தால் அரிப்பு நிற்கவே நிற்காது, அலுமினியப் பாகத்தை அகற்றியே தீர வேண்டும். போர்வெல் நீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

ரேடியேட்டர்

கேஸின் முன்பலகையைக் கழற்றிவிட்டு டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுங்கள். நீர் நான்கைந்து டிகிரி இறங்கினால் காற்று உள்ளே வர வழியில்லாததுதான் காரணம். ஃபேனைக் கழற்றி, அது இருந்த பக்கத்தில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள், வெளியிலிருந்து தெரியாது. கிராபிக்ஸ் கார்டும் அதே லூப்பில் இருந்தால், 100 வாட்டுக்கு 120 மிமீ ரேடியேட்டர் என்று தோராயக் கணக்குப் போடுங்கள். 200 வாட் பிராசசரோடு 350 வாட் கார்டை ஒரே 360 மிமீ ரேடியேட்டரில் தள்ளினால், ஃபேன்கள் கத்தினாலும் நீர் சூடாகவே இருக்கும். அறையே 35 டிகிரியாக உள்ள கோடையில் நீர் 50-ஐத் தொடும். டி5 பம்ப்பின் வரம்பு 60 டிகிரி. பெட்ஜி என்ற கடின பிளாஸ்டிக் குழாய்களும் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும்.

திரும்ப நீர் நிரப்பும்போது பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரையும், பம்ப் தவிர்த்த மற்ற கேபிள்களையும் பிரித்து, ஜம்பர் செருகியால் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்குவது) பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயர் காலியானதும் உடனே அணையுங்கள்; டி5 உள்ளே ஓடும் நீரால்தான் வழவழப்புப் பெறுகிறது, வறண்டு ஓடினால் பேரிங் போய்விடும். ஃபிட்டிங்குகளுக்கு அடியில் டிஷ்யூ தாள் வைத்துச் சில மணி நேரம் ஓடவிட்டு, தாள் காய்ந்தே இருந்தால் மட்டும் மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள்.