செத்துப்போன ஸ்பெக்ட்ரம் 48கே-யை ஓட வைக்கிறது எப்படி: வோல்டேஜ் முதல்ல, ராம் அப்புறம்

1982 ஏப்ரல்ல பிரிட்டன்ல சின்க்ளேர் கம்பெனி விட்ட வீட்டு கம்ப்யூட்டர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அந்த ரப்பர் கீ வச்ச மாடல், ஒண்ணு உங்க கைக்கு வந்து ஆன் பண்ணா டிவில கருப்பும் வெள்ளையுமா பட்டை பட்டையா நிக்குதுன்னு வச்சுக்குவோம். பெரும்பாலும் எல்லாரும் உடனே ராம் (மெமரி சிப்) போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு வாங்கி மாட்டிடுறாங்க, அதுவும் கொஞ்ச நேரத்துல அவுட் ஆயிடுது. ராம்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி வோல்டேஜ் பாக்கணும், இந்த ஒண்ணை மட்டும் விடாதீங்க.

முதல்ல அடாப்டர். ஸ்பெக்ட்ரமுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், பின்னோட நடுவுல மைனஸ். இப்ப கடைல கிடைக்கிற அடாப்டர்ல முக்காவாசி நடுவுல பிளஸ், அதை அப்படியே சொருகினா நல்லா இருந்த போர்டும் காலி. பழைய ஒரிஜினல் அடாப்டரை சும்மா மீட்டர்ல வச்சுப் பாத்தா 12க்கு மேல கூட காட்டும், லோடு இல்லாததால அப்படி, பயப்பட வேணாம்.

அடில 5 ஸ்க்ரூ. கழட்டிட்டு மேல் மூடியை சட்டுனு தூக்காதீங்க, கீபோர்டு மெம்பரேன்ல இருந்து ரெண்டு ரிப்பன் போர்டுல சொருகி இருக்கும், இத்தனை வருஷத்துல காஞ்சு மொறுமொறுன்னு ஆயிருக்கும், லேசா மடங்கினாலே விரிசல் விடும். மெதுவா நேரா இழுத்து எடுங்க. உடைஞ்சாலும் புது மெம்பரேன் இன்னைக்கும் செய்றாங்க, கிடைக்கும்.

இப்பதான் முக்கியமான வேலை. ஐசி 6ல இருந்து ஐசி 13 வரை வரிசையா 8 சிப் இருக்கும், இதுதான் 4116, கீழ் 16கே ராம். இதுக்கு மூணு வோல்டேஜ் வேணும், பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5. இதுல மைனஸ் 5 மட்டும் இல்லாம 12 உள்ள போச்சுன்னா சிப் உள்ள கண்டபடி கரண்ட் இழுத்து சூடாகி செத்துரும், புது ராம் போட்டவுடனே போறதுக்கு காரணமும் இதேதான். அதனால கரண்ட் குடுக்காமலே மீட்டரை ஓம்ஸ்ல வச்சு ஒரு சிப்போட 16வது பின்னுக்கும் (அதான் கிரவுண்டு) 1, 8, 9 பின்னுக்கும் நடுவுல பாருங்க, எங்கயாவது பூஜ்யம் பக்கத்துல காட்டுனா அந்த லைன் ஷார்ட். ஷார்ட் இல்லன்னா ஆன் பண்ணி கருப்பு ப்ரோபை கிரவுண்டுல வச்சுட்டு பாருங்க: 1ல மைனஸ் 5, 8ல 12, 9ல 5 வரணும். சிப்ல இருக்கிற வெட்டுக்குறி மேல பாக்க இருந்தா இடது மேல் மூலைதான் 1, அங்கிருந்து கீழ இறங்கி அந்தப் பக்கம் மேல ஏறி எண்ணணும். ப்ரோப் வழுக்கி ரெண்டு பின்னை சேத்து தொட்டுடாம பாத்துக்குங்க.

5 வரலைன்னா 7805 ரெகுலேட்டரைப் பாருங்க. 5 இருக்கு, 12ம் மைனஸ் 5ம் இல்லைன்னா டிஆர்4 மேலதான் சந்தேகம். இந்த ட்ரான்சிஸ்டரும் பக்கத்துல இருக்கிற காயிலும் சேந்துதான் 9 வோல்ட்ல இருந்து மத்த ரெண்டையும் உண்டாக்குது. பின்னாடி எட்ஜ் கனெக்டர்ல ஆன்ல இருக்கும்போதே எதையாவது சொருகினாலோ அசைச்சாலோ முதல்ல போறது இதுதான். இசட்டிஎக்ஸ் 650 வாங்கி மாத்துங்க, பக்கத்துல டிஆர்5, அது இசட்டிஎக்ஸ் 213, அதையும் சேத்து மாத்திட்டா நிம்மதி. காயில் ஒயர் கருகி இருக்கான்னும் பாத்துடுங்க.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் இந்த நேரத்துலயே மாத்திடலாம், கழட்டுறதுக்கு முன்னாடி பிளஸ் எந்தப் பக்கம்னு போட்டோ எடுத்துக்குங்க.

மூணு வோல்டேஜும் சரியா வந்தப்புறமும் பட்டை போகலைன்னாதான் ராம். ஒவ்வொரு சிப்பும் ஒரு பைட்ல ஒரு பிட்டை மட்டும் வச்சுக்கும், ஸ்க்ரீனும் இதே ராம்ல இருந்துதான் வருது, அதனால 8 புள்ளிக்கு ஒரு தடவை மெல்லிசா நெட்டுக்குத்தா கோடு தெரிஞ்சா ஒரே ஒரு சிப்தான் போயிருக்குன்னு அர்த்தம். விரல் வச்சுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கொதிச்சா அதுதான். இந்த போர்டுல ட்ராக் ரொம்ப மெல்லிசு, சிப்பை முழுசா காப்பாத்தி எடுக்கணும்னு நினைச்சா ட்ராக் பிச்சுக்கிட்டு வரும். கட்டரால காலை எல்லாம் வெட்டிட்டு, அப்புறம் ஒவ்வொரு காலா சூடு பண்ணி உருவுங்க, ஓட்டைல மிச்சம் இருக்கிற ஈயத்தை ஃப்ளக்ஸ் போட்டு விக்கால (ஈயத்தை உறிஞ்சுற செம்புப் பின்னல்) எடுங்க. 16 பின் சாக்கெட் பத்த வச்சு அதுல புது 4116 போடுங்க.

எல்லாம் மாட்டி ஆன் பண்ணா கீழ சின்க்ளேர் காப்பிரைட் வரி வரும். வந்தா பிரிண்ட் பீக் 23732+256*பீக் 23733 அடிச்சுப் பாருங்க (பிரிண்டுக்கு பி கீ, பீக்குக்கு ரெண்டு ஷிஃப்டையும் சேத்து அழுத்தி விட்டுட்டு ஓ). 65535 வந்தா 48கே முழுசும் நல்லா இருக்கு. 32767ஓ, இல்ல அதுக்கு மேல ஆனா 65535ஐ விட குறைஞ்ச நம்பரோ வந்தா மேல் 32கேல, ஐசி 15ல இருந்து 22க்குள்ள, எதுவோ அவுட். அதுக்கு வெறும் 5 வோல்ட் போதும், 4116 மாதிரி தேடி அலையவும் வேணாம், சாதா 4164 அப்படியே உக்காரும்.