இஹாதோவைத் தேடிப் போகும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஜப்பானிய எழுத்தாளர் மியாசாவா கென்ஜி (1896–1933) தன் கதைகளுக்காகப் படைத்த கனவு நாடு இஹாதோவ். அதற்கு மண் கொடுத்தது அவர் பிறந்து வளர்ந்த இவாதே மாகாணம். 'இஹாதோவ் நிலக்காட்சி' என்று அங்கே 7 இடங்களை ஜப்பான் அரசு பாதுகாக்கிறது. கதைகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புவதற்குச் சில தவறுகள்தான் காரணம்.

முதலில், 'இங்கிலாந்துக் கடற்கரை'. பெயரை நம்பிக் கடலைத் தேட வேண்டாம். அது ஹனமாகி நகரில், கிதகாமி ஆற்றின் மேற்குக் கரை. கோடையில் நீர் வற்றி வெளிறிய களிமண் பாறை வெளிப்பட்டபோது, இங்கிலாந்தின் வெள்ளைச் சுண்ணக் கரை கென்ஜியின் நினைவுக்கு வந்தது. வேளாண்மைப் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், மாணவர்களோடு அங்கே அக்ரூட் (வால்நட்) கொட்டைப் புதைபடிவங்களைத் தேடி எடுத்தார். என்றைக்குப் போனாலும் அந்தப் பாறையைப் பார்க்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மேலே அணைகள் வந்த பிறகு ஆறு அவ்வளவு எளிதில் வற்றுவதில்லை. அவருடைய நினைவு நாளான செப்டம்பர் 21-ஐ ஒட்டி, அணைகளில் நீர்த்திறப்பைக் குறைத்து மட்டத்தை இறக்கப் பார்க்கிறார்கள். மழை பெய்திருந்தால் அன்றும் பாறை தெரியாது. ஓர் எழுத்தாளருக்காக ஆற்றையே தாழ்த்துகிறார்கள் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம்.

அடுத்தது சொல்லில் வரும் குழப்பம். 'மோரி' என்றால் அகராதியில் காடு. ஆனால் அந்த வடபகுதி ஊர்ப்பெயர்களில் அது பெரும்பாலும் குன்று. ஏழு இடங்களில் ஒன்றான 'நனாட்சுமோரி' என்பது ஏழு காடுகள் அல்ல, வயல்வெளி நடுவே எழும் குன்றுகள்.

தோனோ நகரில் உள்ள 'மூக்குக்கண்ணாடிப் பாலத்தை' அவருடைய கதையில் வரும் விண்மீன் ரயிலோடு சேர்த்துப் படம் எடுக்காதவர்கள் குறைவு. இப்போது நிற்கும் வளைவுப் பாலம் 1943-இல் கட்டியது, அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்து. அவர் காலத்துச் சிறு ரயில் போன பழைய பாலத்தின் தூண்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பாருங்கள்.

ஏழு இடங்களையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். குரகாகே மலை வடக்கே, தனேயாமா புல்வெளி தென்கிழக்கே. பனிக்காலத்தில் மலைப்பக்கம் போவதும் கஷ்டம்.

அப்புறம், அவர் தனியே வாழ்ந்து பயிர் செய்த வீடு இப்போது ஹனமாகி வேளாண் உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிறது. வாசல் பலகையில் 'கீழே வயலில் இருக்கிறேன்' என்று எழுதியிருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வீடு முன்பு இருந்த மேட்டில் இன்று அவருடைய கவிதைக்கல் நிற்கிறது. அந்தக் 'கீழ் வயல்' அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால்தான் வரும்.