தொளதொள குர்தாவைச் சுருக்கிய கதை

ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று எடுத்த காட்டன் குர்தா. வீட்டில் போட்டுப் பார்த்தால் தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. "யாரு சட்டைடா இது?" என்றார் அம்மா. டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்தால் குர்தா விலையே ஆகிவிடும்.

சரி, சுருக்கிப் பார்ப்போம் என்று முதலில் லேபிளைப் பார்த்தேன். 100 சதவீதம் பருத்தி. பாலியஸ்டர் என்றால் வெந்நீருக்கெல்லாம் மசியாது.

வாஷிங் மெஷினில் 60 டிகிரி வைத்துத் தனியாகப் போட்டேன். தனியாகப் போட்டது நல்லதாயிற்று. வந்த தண்ணீர் அவுரி நீலம்! அப்பாவின் வேட்டி தப்பித்தது. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனமே துணியை இழுத்துவிடும். அதனால் மொட்டை மாடியில் பாய் விரித்து, அதன்மேல் பரப்பிக் காயவைத்தேன்.

தோள் ஓரளவு ஏறியது. ஆனால் முழங்காலைத் தொட்ட நீளம் மூன்று விரல் மேலே போய்விட்டது. தறியில் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலைத்தான் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். சூடும் ஈரமும் பட்டதும் அதுதான் அதிகம் தளர்ந்து சுருங்குகிறது. அகலத்தைக் குறைக்கப் போய் நீளத்தை இழந்தேன். முதலிலேயே 40 டிகிரியில் ஒரு தடவை அலசி, அளந்து பார்த்திருக்கலாம்.

கைநீளமும் குறைந்துவிட்டதால் முழங்கை வரை மடித்துவிட்டுப் போடுகிறேன். இப்போதெல்லாம் அதற்குப் பச்சைத் தண்ணீர்தான்.