சிக்னல் இல்லாத ஊருக்கு ஆப் செய்யும்போது

மலைக் கிராமத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பணியாளருக்கு ஆப் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சேமி’யை அழுத்தியதும் பதிவு போனிலுள்ள எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். சர்வரை எதிர்பார்த்துச் சுற்றும் வட்டம் அந்தத் திரையில் வரவே கூடாது. அதே டிரான்ஸாக்‌ஷனிலேயே ‘அனுப்ப வேண்டியவை’ டேபிளிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்; எழுதினால் இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லையென்றால் இரண்டுமே பதியாது. தனித்தனியாக எழுதி, நடுவில் போன் அணைந்தால், பதிவு போனில் இருக்கும். சர்வருக்குப் போகவே போகாது.

பதிவின் அடையாள எண்ணைச் சர்வர் தரக் கூடாது, போனே யூயூஐடியாக (வேறு எதற்கும் வராத நீண்ட அடையாள எண்) உருவாக்க வேண்டும். காரணம் இது: 148/94 என்ற அளவு சர்வருக்குப் போய்விட்டது, ‘வந்தது’ என்ற பதில் திரும்புமுன் சிக்னல் போய்விட்டது. ஆப் மறுபடி அனுப்பும். எண் சர்வரில் பிறப்பதாக இருந்தால் ஒரே அளவு இரண்டு முறை ஏறும். யூயூஐடி இருந்தால் சர்வர் பழைய பதிவை அடையாளம் கண்டு, மறுபடியும் ‘வந்தது’ என்றே சொல்லலாம். அங்கே பிழை என்று பதில் கொடுத்தால் அந்த வரி போனிலேயே தங்கிவிடும்.

மறுமுயற்சி 30 நொடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று தள்ளிப்போகட்டும். ஆனால் சர்வர் 400, 422 (அனுப்பியதிலேயே தவறு என்று சொல்லும் எண்கள்) என்று திருப்பியதை மறுபடி அனுப்பிப் பயனில்லை. அதை ஒதுக்கி வைத்துப் பணியாளருக்குக் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரு கெட்ட பதிவு பின்னால் நிற்கும் நாற்பதையும் மறித்துவிடும். படங்களுக்குத் தனி வரிசை, நீளப் பக்கம் 1280 பிக்சல் போதும்.

பின்னணியில் வேலைகளை ஓட்டும் ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜர், திரும்பத் திரும்ப நடக்கும் வேலையை 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளியில் ஓட்டாது. பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் சில போன்கள் அதையும் நிறுத்திவிடும். ஆகவே ‘இப்போது அனுப்பு’ பட்டனும், ‘7 பதிவுகள் அனுப்பவில்லை, கடைசியாக அனுப்பியது நேற்று மாலை 5.40’ என்ற வரியும் முகப்பிலேயே இருக்கட்டும்.

புது அளவு எப்போதும் புது வரி, பழையதன் மேல் எழுதாதீர்கள். போன் கடிகாரம் தப்பாக இருக்கலாம், சர்வருக்கு வந்த நேரத்தையும் சேர்த்து வையுங்கள். அனுப்பாத பதிவு இருக்கும்போது லாக்-அவுட் எதையும் அழிக்கக் கூடாது.

ஏரோப்ளேன் மோடில் மட்டும் சோதித்தால் போதாது. பாதி அனுப்பும்போது ஆப்பைக் கொன்றுபாருங்கள். சர்வர் பதிலை மட்டும் தடுத்துப்பாருங்கள்.