54 மி.மீ. உயரத்தில் ஒரு நேதாஜி: உருவம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

வரலாற்றில் வாழ்ந்தவர்களின் சின்னஞ்சிறு ராணுவ உருவங்களைச் சேர்க்க ஆசை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது பினாங்கில், அதனால் நம் ஊர்ப் புழுக்கமும் இடையில் வரும்.

முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி சீக்கிரம் நிரம்பிவிடும், ஆனால் அதில் நிற்கும் ஒருவரைப் பற்றியும் உருப்படியாகத் தெரிந்திருக்காது. ஒருவர் போதும். எனக்கு நேதாஜி. 1943இல் அவர் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) தலைமை ஏற்றதும், கோலாலம்பூர்ப் பெண் ஜானகி தேவர் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும் நம் வீடுகளில் பேசிப் பேசி வளர்ந்த கதைகள். பினாங்குத் தொடர்புதான் வேண்டும் என்றால், வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் இருக்கிறார். 1797இல் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லியாக இங்கே வந்தவர், அடுத்த இரண்டாவது ஆண்டு திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்றார்.

அடுத்தது அளவு. 54 மி.மீ. என்பது ஏறக்குறைய 1/32, அதாவது உண்மை ஆளின் உயரத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, பழைய வழக்கம், இடமும் அதிகம் அடைக்காது. 75 மி.மீ. 1/24, 120 மி.மீ. 1/16. ஒரே தட்டில் இரண்டு அளவுகளைக் கலக்காதீர்கள், பக்கத்தில் நிறுத்தினால் ஒருவர் குழந்தை போலத் தெரிவார்.

வாங்கும்போது முகத்தைப் பார்த்து மயங்காமல் உடுப்பைப் பாருங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியம். நெப்போலியன் தொப்பியின் இரண்டு முனைகளும் தோள்களை நோக்கி இருக்க வேண்டும், முன்னும் பின்னுமாக அல்ல. அவர் பெரும்பாலும் அணிந்தது கரும்பச்சைக் கோட்டு. வாட்டர்லூ வெலிங்டன் சிவப்புக் கோட்டில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், அன்று அவர் போட்டிருந்தது கருநீலம்.

நீங்களே வண்ணம் பூசுவதென்றால் உருவத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் போனால்தான் வண்ணம் பிடிக்கும். காய்ந்ததும் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. மழை பெய்யும் நாளில் பிரைமர் அடிக்காதீர்கள், ஈரம் ஏறி மேற்பரப்பு வெளுத்தோ சொரசொரப்பாகவோ போகும். வெயில் அடிக்கும் காலையில் அடியுங்கள். அப்புறம் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்க, இரண்டு மூன்று பூச்சாக. 54 மி.மீ. உருவத்தின் தலை ஒரு கொண்டைக்கடலை அளவுதான், கண்ணுக்கு வெள்ளை வைக்கப் போனால் திகைத்த பார்வை வந்துவிடும், மேல் இமைக்கு ஒரு கரும்பழுப்புக் கோடு போதும்.

நேதாஜிக்குக் கண்ணாடி வேண்டுமே! பழைய மின்கம்பியை உரித்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து, கோணி ஊசியின் நுனிப் பக்கம் ஒரு சுற்று, சிறிது இடைவெளி விட்டு இன்னொரு சுற்று. இரண்டு வட்டம், நடுவில் பாலம். மீதி இழையைக் காதுவரை மடக்கிப் பசை தொட்டு ஒட்டுங்கள். நான் நான்கு முறை செய்துதான் ஐந்தாவது சரியாக அமைந்தது. அது மூக்கில் உட்கார்ந்த நொடியில், அதுவரை யாரோ ஒரு காக்கிச் சட்டைக்காரராக இருந்தவர் நேதாஜியாகிவிட்டார்.

பழைய ஈய உருவம் கிடைத்தால் பாதுகாப்பில் கவனம். நான் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் வாங்கிய குதிரைவீரனைப் புது மர அலமாரியில் பூட்டி வைத்தேன். ஓராண்டு கழித்துத் திறந்தால் குதிரையின் கால்களில் அரிசி மாவு தூவியது போல வெள்ளைத்தூள். மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் ஈரக்காற்றும் சேர்ந்து ஈயத்தை அரித்திருக்கின்றன, பின்னங்கால் ஒன்று கையோடு வந்துவிட்டது, மனசே ஆறவில்லை. அந்தத் தூள் நஞ்சு. ஊதாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கண்ணாடி, உலோகம், அக்ரிலிக் அலமாரி எதுவும் சரி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். நேர் வெயில் மட்டும் படக்கூடாது, நிறம் போய்விடும்.

கடைசியாக, பீடத்தின் அடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன உடுப்பு. என்னுடையதில் இப்படி இருக்கிறது: ‘நேதாஜி, சிங்கப்பூர், 1943, ஐ.என்.ஏ. காக்கி உடுப்பு.’