ரியூனியன் தீவுக்கு வண்ண உயர வரைபடம்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

நம் தீவின் மேடு பள்ளங்களை வண்ணத்தில் வரைய எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பூமியைச் சுற்றிவந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம், வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். தரவில் ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். கடலிலிருந்து 3,070 மீட்டர் ஏறும் தீவுக்கு அது தாராளம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, எஸ்ஆர்டிஎம் 1 ஆர்க்-செகண்ட் குளோபல் என்பதைத் தேடுங்கள். கோப்புகள் ஒரு பாகைச் சதுரங்களாக இருக்கும், தென்மேற்கு மூலையை வைத்துப் பெயர். தெற்கு 21 அட்சக்கோடு நம் தீவின் வடபகுதியை வெட்டிக்கொண்டு போவதால் இரண்டு கோப்பு வேண்டும்: எஸ்21 ஈ055-இல் சேன் தெனியும் சேன் அந்த்ரேயும் வரும், தீவின் பெரும்பகுதி எஸ்22 ஈ055-இல்.

கியூஜிஐஎஸ்ஸில் இரண்டையும் திறந்து, ராஸ்டர் மெனுவில் மெர்ஜ் கொடுத்து ஒன்றாக்குங்கள். அடுத்தது வார்ப், அதாவது தரவை வேறொரு ஆயமுறைக்கு மாற்றுவது. இதைத் தவறாமல் செய்யுங்கள், ஏனென்றால் தரவில் அகலமும் நீளமும் பாகையில் இருக்கிறது, உயரம் மட்டும் மீட்டரில், அப்படியே நிழல் போட்டால் மலையெல்லாம் கறுப்பு வெள்ளைக் கீறலாகிவிடும். இ.பி.எஸ்.ஜி. 32740-க்கு, அதாவது எல்லாவற்றையும் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 40 தெற்கு ஆயமுறைக்கு மாற்றுங்கள். கட்டங்களின் மதிப்பை மறுகணக்கிடும் ரீசாம்ப்ளிங்கில் பைலீனியர் போடுங்கள், இல்லாவிட்டால் நிழலில் கோடு கோடாக விழும்.

சரி, இப்போது வண்ணம். அடுக்கின் பண்புகளில் சிம்பாலஜிக்குப் போய், உயரத்துக்கேற்ப வண்ணம் தரும் சிங்கிள்பேண்ட் சூடோகலரைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் தானாகப் பிரிப்பதை அப்படியே விடாதீர்கள்: ஐந்து வண்ணத்தைச் சம இடைவெளியில் பிரித்தால் இரண்டாவது வண்ணமே 750 மீட்டருக்கு மேல்தான் வரும். நம் ஊர்கள், கோயில்கள், கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே, எல்லாம் ஒரே பச்சையில் கரைந்துபோகும். நம் முன்னோர் வந்து இறங்கி உழைத்த கரையோரம் வரைபடத்தில் தெளிவாகத் தெரிய வேண்டாமா? அதனால் மதிப்புகளைக் கையால் மாற்றுங்கள். நான் வைப்பது 0, 150, 400, 900, 1,600, 2,400, 3,070: கீழே அடர்பச்சை, அப்புறம் இளம்பச்சை, மஞ்சள், பழுப்பு, உச்சியில் வெளிர்சாம்பல். ஆனால் பச்சை என்பது இங்கே உயரம் மட்டும்தான், செடிகொடி அல்ல. மேற்குக் கரையின் காய்ந்த புல்வெளியும் பச்சையாகத்தான் வரும், அதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

கடலை நீக்க டிரான்ஸ்பரன்சி தாவலில் கூடுதல் நோ டேட்டா (தரவு இல்லை) மதிப்பாக 0 கொடுங்கள்.

கடைசியாக நிழல். அடுக்கை டூப்ளிகேட் செய்து, மேலே இருப்பதற்குச் சிம்பாலஜியில் ஹில்ஷேட் (மலைநிழல்) கொடுத்து, நிழல் கீழுள்ள வண்ணத்தோடு கலக்கும்படி பிளெண்டிங் மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். சிலாவோஸ், மஃபாத், சலாஸி மூன்று பெரும் பள்ளங்களும் அப்போதுதான் குடைந்தெடுத்ததுபோல எழுந்து நிற்கும். ஒளியின் திசை 315 பாகை, அதாவது வடமேற்கு என்று தானாகவே இருக்கும், அதை மாற்ற வேண்டாம். ஆண்டின் பெரும்பகுதி நமக்கு நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் என்பதால் பிற்பகலில் மலைமேல் விழும் நிழலோடு அது ஒத்துப்போகும்.

பிரிண்ட் லேஅவுட்டில் அளவுகோலும் வண்ண விளக்கமும் சேர்த்து, 300 டிபிஐயில் படமாக ஏற்றுமதி செய்யுங்கள்.